பறவைக்கு எண்ணத் தெரியாது

அம்மா, கேமராவ விட்டுக் கைய எடுக்க முடியல, அதான் டைப் பண்ணாம கிசுகிசுன்னு பேசியே அனுப்புறேன். பயப்படாத, எனக்கு ஒண்ணும் இல்ல.

விடியுறதுக்கு முன்னாடியே கடலோரச் சதுப்புக்கு வந்துட்டேன். பறவைங்களப் படம் எடுக்க இங்க ஒரு பலகைக் குடிசை இருக்கு. அங்க நம்ம ஊர்ல நானும் அப்பாவும் இப்படி ஒண்ணுலதான் ஒளிஞ்சுக்குவோம், ஞாபகம் இருக்கா? ரெண்டு பேரா உள்ள போவோம். அப்புறம் அப்பா மட்டும் கைய வீசிக்கிட்டு, சத்தமா இருமிக்கிட்டு வெளிய போவாரு.

"பறவைக்கு எண்ணத் தெரியாது வாலு. ஒரு ஆள் போனா குடிசை காலின்னு நினைச்சுக்கும். நீ மூச்சுக் காட்டாத!"

நீகூட "அப்பனும் மகளும் நாரைய ஏமாத்தக் கிளம்பிட்டாங்க"ன்னு கிண்டல் பண்ணுவியே.

அவர் தவறுனதுக்கு அப்புறம் நான் தனியாத்தான் போறேன். ஒரு நாரைகூடக் கிட்ட வராது. இன்னிக்கும் வரலைன்னா அவர் கேமராவ உனக்கே அனுப்பிடலாம்னு இருந்தேன்.

இன்னிக்கு நான் உட்கார்ந்ததுமே நாரை, உள்ளான் எல்லாம் வாசல் வரைக்கும் வந்துடுச்சும்மா. படமா எடுத்துத் தள்ளிட்டேன். அப்புறம்தான் சேத்தைப் பார்த்தேன். கடல்தண்ணி ஏறி இறங்கி, மெழுகிவிட்ட மாதிரி இருந்துச்சு. உள்ள வந்த என் பூட்ஸ் தடம் இருக்கு. பக்கத்துலயே பெரிய வெறுங்கால் தடம், குடிசையில இருந்து வெளிய போகுது. அந்தக் கால் உள்ள வந்ததுக்குத் தடமே இல்ல.

வேலைக்கு நேரமாச்சு. ஆனா எழுந்திரிக்க மனசு வரல. நான் எழுந்தா எல்லாம் பறந்துடும். அவர் அவ்வளவு தூரம் நடந்தது வீணாயிடும்மா.