சிஹோவின் கையுறை

ஜப்பானில் யோகோதே என்ற ஊரில் பனிக்காலத் திருவிழாவுக்குப் பனியைக் குடைந்து குடில் கட்டுவார்கள். உள்ளே பிள்ளைகள் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுச் சூடாக அரிசிப் பானம் ஊற்றிக் கொடுப்பார்கள். எங்கள் மகள் சிஹோ அதைப் பார்க்க ஆசைப்பட்டாள். பனிக்காலத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள்.

"அம்மா வீட்டுக்குப் போறோமில்ல, அப்படியே ஒரு நாள் அங்கயும் போயிட்டு வந்துடலாங்க," என்றாள் என் மனைவி கினுயே.

யோகோதேயில் ஒரு விடுதிக்குப் போன் செய்தேன். "ரெண்டு பேருங்க."

"வாங்க வாங்க. வரப்போ பொண்ணோட கையுறைய எடுத்துட்டு வாங்க," என்றார் விடுதிக்கார அம்மா. "வாசல் குடில்ல வெறுங்கையோட ஊத்திக் குடுத்துட்டிருக்கா. கேட்டா, அம்மாகிட்ட இருக்குங்கிறா."

போனை வைத்துவிட்டுச் சொன்னேன். கினுயே அலமாரியைத் திறந்தாள்.

சிஹோவுக்குப் பிடித்ததையெல்லாம் சவப்பெட்டியில் வைத்து அவளோடு எரித்திருந்தோம். அந்தச் சிவப்புக் கையுறையை வைக்க மட்டும் கினுயேவுக்கு மனசு வரவில்லை.