இன்னும் ஒரு ஈடு

துலுக்கானம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மனைவியின் செல்போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்தார். தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டிய கையால் மூடியை அழுத்தி மூடினார்.

அடுப்படியில் மங்களம் பரங்கிக்காய் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். கோதுமை மாவில் பரங்கிக்காயை மசித்துப் போட்டு, வெல்லம், சுக்கு, கிராம்பு சேர்த்துப் பிசைந்து, வாழையிலையில் தட்டித் தட்டி எண்ணெயில் விட்டாள். வாசம் கள்ளிக்குப்பம் தெருமுனை வரைக்கும் போனது.

மகள் சுவேதாவுக்கு இன்று வளைகாப்பு. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற கரு. இந்த ஏழு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அம்மா சுடும் இந்த அப்பத்தை மட்டும்தான்.

"போதும் மங்களம், சட்டிய எறக்கு. மீதிய கடையில வாங்கிக்கலாம்."

"கடையில இன்னாத்துக்கு? மாவு கீதில்ல? இன்னும் ஒரு ஈடுதான். தள்ளிப் போங்க, எண்ணெ தெறிக்கும்."

பாவம் மனிதர், எப்படிச் சொல்வார்? அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் திருத்தணியிலிருந்து மச்சான் மகன் விக்ரம் கூப்பிட்டிருந்தான். "அப்பா விடியக்காலை போய்ட்டாரு மாமா. சாயந்தரம்தான் எடுக்கிறோம். அத்தையக் கூட்டிகினு வந்துடுங்க."

மங்களத்துக்கு ஒரே அண்ணன். ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர்.

சாவுச் சேதி வந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. ஆனால் வாயைத் திறந்தால் வளைகாப்பு நின்றுபோகும். சம்பந்தியம்மா ஜெகதாம்பாள் ஏற்கெனவே இரண்டு முறை "பொண்ணோட ராசி அப்படி" என்று சொன்னவள். மூன்றாவது முறை சொல்ல அவளுக்கு இது போதாதா? சொல்லாமல் விட்டாலோ, கூடப் பிறந்தவன் பிணமாகக் கிடக்கும்போது தங்கையைப் பலகாரம் சுட வைத்த பாவம் வந்து சேரும்.

நல்லவேளை, மங்களம் போனைத் தேடவில்லை. மற்ற நாளாக இருந்தால், ஐந்து நிமிஷம் அது கண்ணில் படாவிட்டால் வீட்டையே புரட்டிப் போட்டிருப்பாள்.

பத்தரை மணிக்குக் குமணன்சாவடியிலிருந்து சம்பந்தி வீட்டு வேன் வந்து நின்றது. ஜெகதாம்பாள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா சம்பந்தி, பொண்ணோட தாய்மாமன் எப்டி கீறாரு?"

துலுக்கானம் வேன் கதவைச் சாத்தப் போனார். மங்களம்தான் தட்டோடு முன்னால் வந்தாள்.

"பரவால்ல சம்பந்தி. உள்ள வந்து உக்காருங்க, அப்பம் ஆறிடப் போவுது."

இதற்கு மேல் இந்தப் பாவத்தைச் சுமக்கத் துலுக்கானத்தால் முடியவில்லை. அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மங்களம், மனச தேத்திக்க. உங்க அண்ணன்..."

அவர் முடிப்பதற்குள் மாவுக் கையால் அவர் வாயைப் பொத்தினாள். கூடத்தில் சுவேதாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"விடியக்காலயே அண்ணி எனக்குப் போன் பண்ணிட்டாங்க. அவளுக்கு வளையல் போட்டு முடியட்டும், அதுவரிக்கும் நீங்க அழுவாதீங்க."