கறுப்பு மட்டும்

“கறுப்பு மறுபடியும் அவருக்கேவா?” சுமிதா ஆற்றங்கரையில் இருந்த கண்ணாடிப் பட்டறையில் கிண்ணங்களில் கோலம் வெட்டும் இளைஞன் ஈசோபேவுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

சிவப்பு, நீலக் கிண்ணம் என்றால் சாணைச் சக்கரம் எங்கே வெட்டுகிறது என்பது உள்பக்கமாகத் தெரியும். கறுப்பில் ஒன்றும் தெரியாது. சத்தத்தையும் விரலையும் நம்பித்தான் வெட்ட வேண்டும். பெயரும் அதை வெட்டுகிறவருக்குத்தான்.

“பெரியவர் நெமோத்தோ-சான் வேற எதையும் தொட மாட்டேங்கிறார். நான் என்ன பண்றது?” என்றார் முதலாளியம்மா.

“ரொம்பத்தான் பெருமை அவருக்கு.”

மறுநாள் ஈசோபே, நெமோத்தோவின் பெட்டியிலிருந்த கறுப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டுச் சிவப்பு ஒன்றை வைத்தான். மனுஷன் கத்தட்டும், வேடிக்கை பார்க்கலாம்.

நெமோத்தோ கத்தவில்லை. தலையைச் சாய்த்துச் சக்கரத்தின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே வெட்டி முடித்து, கிண்ணத்தை நீட்டினார். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

“எப்படிடா இருக்கு? இந்தக் கறுப்பு கொஞ்சம் முரண்டு பிடிச்சுது.”

ஈசோபே அந்தச் சிவப்புக் கிண்ணத்தையும் அவர் கண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

“கறுப்புல இப்படி ஒரு வேலைய நான் பார்த்ததே இல்ல, நெமோத்தோ-சான்.”

கிண்ணத்தை யார் கண்ணிலும் படாமல் துணியில் சுற்றிக்கொண்டு முதலாளியம்மாவிடம் போனான்.

“கறுப்பெல்லாம் இனிமே அவருக்கே குடுத்துடுங்கம்மா. எனக்கு வராது.”