கயிற்றின் மேல்முனை

கெம்பியின் படத்தில் ஆளும் இல்லை, தேனீயும் இல்லை. ஆளுயரத் துணி முழுக்க வேங்கை மரப் பிசினின் செம்பழுப்பு. உச்சியிலிருந்து அடிவரை ஒரே ஒரு கருங்கோடு.

"குறும்பர் ஓவியம்னா தேன் எடுக்கிற ஆளுங்க வேணுமே. ரெண்டு பேரையாவது போட்டுக் குடுங்கம்மா" என்றார் கண்காட்சி நடத்துபவர்.

"அவங்கள நெறைய வரைஞ்சாச்சுங்க. இது இப்படியே தொங்கட்டும், இல்லேன்னா சுருட்டிக்கிட்டுப் போறேன்."

முகத்தைச் சுளித்துக்கொண்டே மாட்டினார். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவள் அண்ணன் மாதன் மட்டும் நகரவில்லை.

மலைத்தேனுக்குப் பாறையில் இறங்குகிறவனின் கயிற்றை, மேலே நின்று அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது குறும்பர் வழக்கம். தங்கையை விதவையாக்க எந்த அண்ணனும் பிடியை விடமாட்டான். கெம்பியின் கணவன் இறங்கும்போதெல்லாம் பிடிப்பவன் மாதன்.

மாதன் செருப்பைக் கழற்றினான். வழுக்கும் பளிங்குத் தரையில் குதிகாலை அழுத்தி ஊன்றினான். வெறுங்கைகள் இரண்டும் முன்னே நீண்டு இறுகின.

"மாப்ள எறங்கிட்டாரா?" என்றான், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கெம்பி கண்காட்சி நடத்துபவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. தலை நிமிர்ந்து அண்ணனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"இன்னும் இல்லண்ணா. விட்டுடாத."