முழு ஓய்வு

“ஒரே நிமிஷம், டாக்டரம்மா!” பேரீச்சை வியாபாரி ஹாஜி மப்ரூக் சட்டையைத் தூக்கிக்கொண்டு இருமினார். பெங்காசியின் அந்த ஆஸ்பத்திரியில், காலையிலிருந்து டாக்டர் நஜாத்திடம் எல்லாரும் கேட்டது அந்த ஒரே நிமிஷத்தைத்தான்.

“இன்னிக்கு நான் யாரையும் பார்க்கறதில்ல, ஹாஜி.”

“பழம் கொண்டாந்திருக்கேன் மகளே, பிகு பண்ணாதே!”

அவள் மருந்து சொல்லி முடிப்பதற்குள் பெரிய டாக்டர் வந்து கத்தினார். “எல்லாரும் வெளியே போங்கய்யா! டாக்டரும் மனுஷிதானே? ஓய்வு வேண்டாமா?”

நஜாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்க ஓர் ஆளாவது இருக்கிறாரே!

கூட்டம் கலைந்ததும் அவர் தன் மாமியாரை உள்ளே அழைத்து, கதவைச் சாத்தினார். “முழங்கால் வலியாம். நீ சும்மாதானே படுத்திருக்கே, பார்த்துடும்மா.”

வேலைக்கு நடுவே மயங்கி விழுந்து, நேற்று அதே வார்டில் நோயாளியாகச் சேர்க்கப்பட்ட நஜாத், குளுக்கோஸ் ஏறாத கையை நீட்டினாள்.