நாலாவது ஆள்

“மூண்டு பேராப் பயணம் போகக்கூடாது” என்று, மகளோடு லண்டனுக்கு வெளிக்கிட்ட அன்று ஒக்லாந்தில் எங்கள் வீட்டு வளவிலிருந்து ஒரு கல்லை எடுத்து, நாலாவது ஆளாகப் பையில் வைத்தாள் மனைவி ரதிதேவி. லண்டன் போன இடத்தில், சனி ஞாயிறுக்கு மூவரும் மொரோக்கோவின் ஃபெஸ் நகரம் பார்க்கப் போனோம். தங்கிய வீட்டில் ஒவ்வொரு நேரமும் நாலு கோப்பை புதினாத் தேநீர் வந்தது. நியூசிலாந்து ஏர்போர்ட்டில் கல், மண்ணென்றால் கரைச்சல். வெளிக்கிடும்போது அதை அந்த வாசலிலேயே போட்டுவிட்டேன்.

ஒக்லாந்துக்கு வந்த மறுநாளும் மழை. ஃபெஸ் வீட்டுக்காரர் போன் எடுத்தார்.

“உங்களோடு வந்தவரை விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே. நாலு நாளாய் வாசலிலேயே இருந்தார். நேற்று உங்கள் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்து போனார்.”

ரதிதேவியிடம் சொன்னேன். அவள் நாலாவது கோப்பையைக் கழுவி மேசையில் வைத்தாள்.