கீழ வியுந்த கல்லு

குந்துங்கப்பா, குந்துங்க. டேய் வரதா, வாயில கீற முறுக்கை முழுங்கிட்டு கம்முனு குந்து. காட்டுப்பாக்கத்துல நடந்த கல்லு கதை சொல்றேன்.

எண்பத்தொம்போதுல நம்ம ரோட்டுல கல்லு லாரிங்க ஓயாம போவும். டர்ர்ர்னு வந்து கோயில் வளைவுல திரும்பச்சொல்லோ, ஒண்ணு ரெண்டு தடால்னு உருண்டு வியும்.

எங்க போவுதுன்னு எவன் கேட்டான்? "கடலாண்ட எதுக்கோ"ம்பாங்க. கீழ வியுந்ததுக்கு ஓனரு ஏது? டீக்கடைக்கு சீட்டு ஆச்சு, கோயிலுக்கு படி ஆச்சு. பெரிசா, சப்பையா கீறதை நாலு பேரு கூடி உருட்டிகினு போயிடுவாங்க.

ஆனா அன்னம்மா கீதே, கஜபதி ஊட்டு பின்னால ஒத்தை ரூம்புல வாடகைக்கு இருந்துச்சு. பூ கட்டி விக்கும். அது மட்டும் தெனம் வளைவாண்ட போயி, தூக்க முடிஞ்ச கல்லையெல்லாம் இடுப்புல வெச்சுகினு வந்து கொல்லையில குவிக்கும். வாயே தொறக்காது.

"ஊடு கட்டப் போவுது"ன்னான் ஒருத்தன்.

"இல்ல மாமே, யாரையோ அடிக்க சேக்குது"ன்னான் இன்னொருத்தன்.

கஜபதிக்கு மண்டையே வெடிச்சிடும் போல ஆயிடுச்சு. ஒரு ஞாயித்துக்கெயமை தெருவையே கொல்லைக்கு கூப்ட்டாரு. மனுசன் கொஞ்சம் குள்ளம். தொவைக்கிற கல்லு மேல ஏறி நின்னுகினு தொண்டையை கனைச்சாரு. இப்டி:

"க்க்ஹும். எம்மா அன்னம்மா, இது கவர்மெண்ட் கல்லு. திருட்டுப் பொருளை என் ஊட்ல வெக்கக் கூடாது. எதுக்குன்னு சொல்லு, இல்லாங்காட்டி இன்னிக்கே ரூம்பை காலி பண்ணு."

அன்னம்மா தலையை குனிஞ்சுகினு நின்னுச்சு. போக்கெடம் இல்லாத பொம்பளை.

அந்த நேரம் பாத்து டர்ர்ர்னு ஒரு லாரி வாசல்ல நின்னுச்சு. டிரைவர் தேவராஜ் நேரா கொல்லைக்கு வந்து, குவியல்லேருந்து கல்லை எடுத்துகினு போயி லாரில போட ஆரம்பிச்சான்.

"பாத்தியா நைனா, வியாபாரம்"னு கஜபதி கைய தட்டினாரு. "இன்னா வெலைக்கும்மா விக்கிறே?"

தேவராஜ் நிமிந்தான். "யாருண்ணே விக்கிறது? எங்க வண்டிலேருந்து வியுந்த கல்லு. சேத்து வெச்சுகினு எங்களுக்கே திருப்பிக் குடுக்குது. அதுக்குன்னே இன்னிக்கு லோடு கொறைச்சு ஏத்திகினு வந்தேன்."

"கிறுக்கா இது? எதுக்கு?"

"உள்ள கப்பலு ஆடாம நிக்கணும்னு ஹார்பருக்கு கடல்ல சுவரு நீட்டினாங்கல்ல? ஆடுற அலை வேற எங்கனா போவணும்ல. வடக்கால போயி கரையை கடிக்குது. அதை தடுக்கத்தான் அங்க கல்லு கொட்றோம். இந்தம்மாவோட ஊட்டை கடலு முழுங்கிடுச்சு, அப்பால தான் இங்க வந்துச்சு. இத்தோட அக்கா ஊடு இன்னும் அங்கதான் கீது. கல்லு கொறைஞ்சா, அடுத்து அந்த ஊடு."



கஜபதி மறுபடியும் க்க்ஹும்னு கனைச்சாரு. "இதை மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நாங்க இன்னா மனுசங்க இல்லியா? எதுனா ஒதவி வேணும்னா கூச்சப்படாம கேளு."

அன்னம்மா அப்பதான் தலை நிமிந்துச்சு.

"கொஞ்சம் கீழ எறங்குங்க அண்ணாத்தே. நீங்க நிக்கிறதும் அந்த லாரில வந்த கல்லுதான்."